எண்ணிக்கையில் இருப்பவர்

பதில் சொல்லாத பொருள் என்று உலகத்தில் ஒன்று இருக்கவே முடியாது என்பதைக் கேரண்டி தன் வாழ்நாள் ஆராய்ச்சியின் முடிவாக அறிவித்திருந்தார். கரண்ட் கொடுத்தால் மோட்டார் ஓடும், இல்லையென்றால் புகையும். புகைவதும் ஒரு பதில்தான். கதவைத் தட்டினால் ஆள் வருவார், அல்லது நாய் குரைக்கும். இத்தனை கோடிப் பேர் இத்தனை காலமாகக் கூப்பிட்டும் ஒரு ‘ம்’ கூடச் சொல்லாதவர் ஒரே ஒருவர்தான். ஆகவே அவர் இல்லை. அப்படியே இருந்தாலும் வயரிங் சரியில்லை. இந்த முடிவுக்கு வர மற்றவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் ஆயின என்றும், தனக்கு ஒரு மதியம் போதுமானதாக இருந்தது என்றும் சொல்வார். சொல்லும்போது சிரிக்க மாட்டார். அதனாலேயே கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும்.

எரிந்துபோன மோட்டார்களுக்குப் புதிதாகக் காயில் கட்டிக் கொடுப்பது அவர் தொழில். தண்ணீர் ஏற்றும் மோட்டார், மாவு மில் மோட்டார், தையல் மெஷின் மோட்டார், எது வந்தாலும் கையில் வாங்குவதற்கு முன்பே “கேரண்டி” என்று சொல்லிவிடுவார். பெற்றவர்கள் வைத்த பெயரை மறந்துவிட்டுத் தெருவே அவரைக் கேரண்டி என்று கூப்பிட்டது. அவர் மகளைப் பள்ளிக்கூடத்தில் கேரண்டி கார்டு என்று கூப்பிட்டார்கள். இப்போது அவள் ஒரு பெரிய துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டு துணி விரித்துக் காட்டுகிறாள். அங்கேயும் எப்படியோ அந்தப் பெயர் போய்ச் சேர்ந்துவிட்டது.

முன்னால் பட்டறை, பின்னால் வீடு, நடுவில் ஒரு கதவு. பட்டறையில் எப்போதும் வார்னிஷ் வாசனை. செருப்புக்கு அடியில் செம்புக் கம்பித் துண்டுகள் நறநறக்கும். சுவரை ஒட்டிக் கையால் சுற்றும் ஒரு மெஷின். ஒரு காயிலுக்கு எத்தனை சுற்றோ அத்தனை சுற்றுச் சுற்றவேண்டும்; ஒன்று கூடினாலும் குறைந்தாலும் மோட்டார் சூடாகிச் சாகும். மற்ற பட்டறைகளில் சுற்றை எண்ணுவதற்கு மெஷினிலேயே ஒரு மீட்டர் உண்டு. கேரண்டி அதைக் கழற்றிப் போட்டுவிட்டார். “மீட்டர் பல் தேஞ்சு பொய் சொல்லும். வாய் தேயாது” என்பது அவர் வாதம். வாயாலேயே எண்ணுவார். எண்ணும்போது யாரும் பேசக் கூடாது. பேசினால் இடது கையைத் தூக்கி உள்ளங்கையைக் காட்டுவார். ‘எண்ணிக்கையில இருக்கேன்’ என்று அதற்கு அர்த்தம். வந்தவர் ஸ்டூலில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். “ஐயா எண்ணிக்கையில இருக்காரு” என்று மனைவி வாசலில் சொன்னால் தெருவில் எல்லோருக்கும் புரியும்.

புரியாதவள் போல நடந்துகொண்டது அவர் மனைவி மட்டும்தான். அவர் எண்ணிக்கொண்டிருக்கும்போதும் அவள் நடுக்கதவில் சாய்ந்து நின்று பேசுவாள். குழாயில் தண்ணீர் சொட்டுகிறது, மகளுக்குக் குதிகால் வலிக்கிறதாம், எதிர் வீட்டுப் பூனை மறுபடியும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு திரிகிறது. அவர் உதடு எண்ணிக்கொண்டே இருக்கும். சொல்லி முடித்ததும் அவள் போய்விடுவாள். பதிலுக்கு நின்றதே இல்லை.

ஒருநாள் மதியம் பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கமிருந்து பேச்சுக் குரல் வந்தது. தன்னைப் பற்றித் தங்கைக்குப் போன் போட்டுப் புகார் சொல்கிறாள் என்று நினைத்துக் கேரண்டி பூனைபோல் உள்ளே போனார். போன் அறையில் சார்ஜில் கிடந்தது. அவள் கையில் சோப்பு நுரையும் ஒரு தட்டும்தான் இருந்தன.

“யார்கிட்ட பேசுறே?”

“கடவுள்கிட்ட.”

“என்ன கேட்டே?”

“ஒண்ணும் கேக்கல. பூனை குட்டி போட்டிருக்குல்ல, அதைச் சொல்லிட்டு இருந்தேன்.”

“அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே? பூனை குட்டி போட்டது தெரியாதா?”

“தெரியும். நான் சொல்லித் தெரிஞ்ச மாதிரி ஆகுமா?”

இதில் எங்கோ ஷார்ட் சர்க்யூட் இருக்கிறது, ஆனால் எங்கே என்று கேரண்டியால் கை வைத்துக் காட்ட முடியவில்லை.

“சரி, பதில் சொல்றாரா?”

“நீங்க சொல்றீங்களா?”

“நான் எண்ணிக்கையில இருக்கேன்டி!”

“அவரு மட்டும் வெட்டியாவா இருக்காரு?”

அன்று சாயங்காலமே பக்கத்துப் பட்டறை லேத்துக்காரரிடம் விஷயம் போய்விட்டது. “எங்க வீட்ல ஒரு லைன் ஓடிட்டு இருக்குய்யா. அவுட்கோயிங் மட்டும்தான். இன்கமிங் வசதியே கிடையாது.”

லேத்துக்காரர் வேறு கட்சி. அவருக்குக் கடவுள் மேல் அசைக்க முடியாத நம்பிக்கை, காரணம் கேட்டதெல்லாம் கிடைத்திருக்கிறது. பெரிய கம்பெனி ஆர்டர் கேட்டார், கிடைத்தது. மகளுக்கு வெளிநாட்டு மாப்பிள்ளை கேட்டார், கிடைத்தான். முடி மட்டும்தான் கிடைக்கவில்லை, அது கேட்ட நேரம் சரியில்லை. “உன் வீட்டுக்காரம்மா ரொம்ப நல்லவங்கய்யா” என்றார் அவர். “ஆனா விவரம் பத்தாது. அவ்வளவு பெரிய இடத்துல பழக்கம் வச்சுக்கிட்டு ஒண்ணுமே கேக்காம வருவாங்களா? மந்திரி வீட்டுக்குப் போய்த் தண்ணி குடிச்சிட்டு வர்ற மாதிரி இருக்கு.”

கேரண்டி இதையும் வீட்டில் வந்து சொன்னார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க உங்க அக்கா வீட்டுக்குப் போறீங்களே, ஏதாவது வாங்கிட்டு வரவா போறீங்க?”

“அக்கா பேசுவா. நிறுத்தவே மாட்டா. அது வேற.” பிறகு விடாமல் கேட்டார். “உண்மையச் சொல்லு. ஒரு தடவைகூட எதுவும் கேட்டதே இல்லையா?”

“கேட்டிருக்கேன்.” சட்டையின் கையை மடித்து, மறுபடியும் பிரித்து, மறுபடியும் மடித்தாள். “ரெண்டாவது தங்காமப் போச்சே, அப்பக் கேட்டேன். ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்து விடாம கேட்டேன்.”

“கிடைக்கலையே.”

“கிடைக்கல.”

“அப்புறமும் பேசுறியே?”

“கோவத்துல கொஞ்ச நாள் பேசல. அப்புறம் பேசாம இருக்க முடியல. அவருக்காக இல்ல. எனக்கே வீட்டுல ஆள் இல்லாத மாதிரி இருந்துச்சு.”

கேரண்டி பட்டறைக்குப் போய், எரிந்துகொண்டிருந்த பல்பை அணைத்து, எரியவிட்டு, அணைத்தார். இதை மட்டும் அவர் லேத்துக்காரரிடம் சொல்லவில்லை.

அந்த வருஷம் மழை வெறிபிடித்தது போலப் பெய்தது. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். நனைந்த மோட்டார்கள் எல்லாம் சாக்கிலும் சைக்கிளிலும் பட்டறைக்கு வந்து சேர்ந்தன. வாசலில், ஸ்டூலுக்கு அடியில், ஜன்னல் திட்டில் என்று எங்கே பார்த்தாலும் சேறு அப்பிய மோட்டார். வார்னிஷ் காயவே மாட்டேன் என்றது. பெரிய பல்புகளைப் போட்டு, அவற்றுக்குக் கீழே காயில்களைக் குழந்தைகளைப் போலப் படுக்கவைத்திருந்தார். வந்தவன் ஒவ்வொருவனும் தன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் உலகத்தின் மையம் என்பதுபோல் பேசினான். கேரண்டி எல்லோருக்கும் கேரண்டி கொடுத்தார்.

மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு முற்பகலில் அவர் பெரிய காயில் ஒன்றைச் சுற்றிக்கொண்டிருந்தார். மெல்லிய கம்பி, ஏகப்பட்ட சுற்று. அப்போது நடுக்கதவில் அவள் வந்து நின்றாள்.

“ஏங்க” என்றாள்.

அவர் உள்ளங்கையைக் காட்டினார்.

அவள் ஏதோ சொன்னாள். வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்ததுபோல் இருந்தது. வாயில் எதையோ மென்றுகொண்டு பேசுகிறாள் என்று நினைத்தார். கை சுற்றியது, உதடு எண்ணியது. அவள் போகவில்லை. வழக்கமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறவள் அன்றைக்கு நின்றுகொண்டே இருந்தாள் என்பது அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. இன்னும் கொஞ்சம்தான், முடித்துவிட்டுக் கேட்டுக்கொள்ளலாம். மறுபடியும் ஏதோ சொன்னாள். அவர் கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்.

காயிலை முடித்து, நூலால் கட்டி, முனையை வெட்டிவிட்டுத் திரும்பினார். அவள் படியில் உட்கார்ந்திருந்தாள். வலது கை அவளுடையதல்ல என்பதுபோல் மடியில் கிடந்தது. வாய் ஒரு பக்கமாக இறங்கியிருந்தது. கண் மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது, வேலை முடியட்டும் என்று காத்திருந்த கண்.

எந்த எண்ணில் இருந்தபோது அவள் “ஏங்க” என்றாள் என்பது அவருக்கு இன்றைக்கும் தெரியும். அதை யாரிடமும் சொன்னதில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். “எப்ப ஆரம்பிச்சுது?”

“கொஞ்ச நேரம் முன்னாடி.”

“கொஞ்ச நேரம்னா?”

ஒரு சுற்றுகூடப் பிசகாத மனிதருக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. லேத்துக்காரர்தான் தெருத் தண்ணீரில் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர். தொடை வரை நனைந்து, கதவருகே நின்று டாக்டரையும் கேரண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இன்னும் சீக்கிரம் வந்திருந்தா...” என்று டாக்டர் ஆரம்பித்தார். இந்த வாக்கியத்தை எந்த டாக்டரும் முடிப்பதில்லை. கேரண்டி முடிக்கச் சொல்லிக் கேட்டார். “சொல்ல முடியாதுங்க. நல்லா ஆகியிருக்கலாம். இப்படியே இருந்திருக்கவும் செய்யலாம்” என்றார் டாக்டர். கேரண்டிக்கு அந்தப் பதில் எந்தப் பக்கமும் பிடி கொடுக்கவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுக்குக் கொண்டுவந்தபோது வலது பக்கம் விழுந்திருந்தது. பேச்சு சுத்தமாகப் போயிருந்தது. சொல்வது புரிகிறதா என்றும் யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. மகள் லீவு போட்டுக் கூடவே இருந்தாள். பிறகு துணிக்கடையில், வராவிட்டால் வேறு ஆள் வரும் என்றார்கள், போனாள். நடுக்கதவு வழியாகப் பார்த்தால் தெரிகிற இடத்தில் கட்டிலைப் போட்டுக் கேரண்டி பார்த்துக்கொண்டார். திருப்பிப் படுக்கவைப்பது, துடைப்பது, சோற்றைக் குழைத்து, முட்டையை மசித்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுவது. முதல் நாள்களில் அவர் ஊட்டிய லட்சணத்தில் தலையணைதான் அதிகம் சாப்பிட்டது. மோட்டாரை எப்படித் தூக்குவாரோ அப்படியே அவளையும் தூக்கினார். “அப்பா, அது அம்மாப்பா” என்று மகள் சொல்ல வேண்டியிருந்தது.

அவருக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். அன்றைக்குக் கதவருகே நின்று என்ன சொன்னாள்? கை மரத்துப்போகிறது என்றாளா? தலை சுற்றுகிறது என்றாளா? உங்கள் எண்ணிக்கையில் இடி விழ என்றாளா? எதுவாக இருந்தாலும் சரி. அவள் வாயால் வரவேண்டும்.

மழை விட்டு வெயில் வந்தது. மோட்டார்க்காரர்கள் வாசலில் நின்று சத்தம் போட்டார்கள். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுச் சத்தத்தைக் குறைத்தார்கள். சிலர் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வேறு பட்டறைக்குப் போனார்கள். லேத்துக்காரர் ஒருநாள் இரண்டு டீயோடு வந்து உட்கார்ந்தார்.

“நீ கேளுய்யா” என்றார்.

“யார்கிட்ட?”

“அவர்கிட்டதான். வேற யார்கிட்ட?”

“நான் அவரைப் பத்திப் பேசினதுக்கு அவர் என் நம்பரையே பிளாக் பண்ணியிருப்பாரு.”

“அதெல்லாம் மனசுல வச்சுக்க மாட்டாரு. ஆனா ஒழுங்காக் கேளு. நிறைய கேட்டா குழம்பிடும். ஒண்ணே ஒண்ணு கேளு. பதிலுக்கு நீ என்ன தருவேன்னும் சொல்லிடு. நான் அப்படித்தான்.”

லேத்துக்காரர் போனதும் கேரண்டி பட்டறைக் கதவைச் சாத்தினார். எப்படிக் கூப்பிடுவதென்று தெரியவில்லை. ‘சார்’ என்று ஆரம்பித்தார், நன்றாக இல்லை. “பாருங்க” என்றார். “நமக்குள்ள பழக்கம் இல்ல. நான் பேசினதெல்லாம் கேட்டிருப்பீங்க. அது தமாஷு. இப்ப நேரா விஷயத்துக்கு வர்றேன். எழுந்து நடக்கவெல்லாம் வேண்டாம், அதை நான் பாத்துக்கிறேன். பேசணும். ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை போதும். அது நடந்துச்சுன்னா, உங்க இடத்து மோட்டார் எதுவா இருந்தாலும், எந்த மதமா இருந்தாலும் சரி, ஆயுசுக்கும் ஃப்ரீயா கட்டிக் கொடுத்துடுறேன். கேரண்டி.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “கம்பி நல்ல கம்பிதான் போடுவேன்” என்றும் சேர்த்துக்கொண்டார்.

தினமும் இதையே சொன்னார். வார்த்தைகூட மாற்றவில்லை; மாற்றினால் ஒப்பந்தம் செல்லாது என்று பயம்.

அப்படியே ஒரு காலை, அவர் அவளுடைய கன்னத்தில் ஒட்டியிருந்த சோற்றைத் துடைத்துக்கொண்டே, “வெயில் பாத்தியா, எப்படி அடிக்குதுன்னு” என்றார், பதில் எதிர்பார்க்காமல்.

“அப்புறம்?” என்றாள் அவள்.

தெளிவாக, அவளுடைய அதே குரலில், கடைசி எழுத்துக் கொஞ்சம் மேலே ஏறி.

கேரண்டி கையில் இருந்த கிண்ணத்தைப் போட்டுவிட்டார். பட்டறை வழியாக ஓடி, லேத்துக்காரர் வாசலில் நின்று, “பேசிட்டாய்யா! பேசிட்டா!” என்று கத்தினார். லேத்துக்காரர் மெஷினை நிறுத்திவிட்டு, “நான் சொல்லல?” என்றார், தானே வரவழைத்ததுபோல். மகளுக்குப் போன் போட்டார்கள். அவள் துணிக்கடையிலேயே அழுதாள். கல்யாணப் புடவை வாங்க வந்தவர்கள் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்.

மாலைக்குள் விஷயம் தெரிந்துவிட்டது.

“அம்மா, எப்படிம்மா இருக்கு?”

“அப்புறம்?”

“அக்கா, என்னைத் தெரியுதா? லேத்து.”

“அப்புறம்?”

அது ஒன்றுதான் வந்தது. தண்ணீர் வேண்டுமென்றாலும் அப்புறம், வலித்தாலும் அப்புறம், மின்விசிறியைப் பார்த்தாலும் அப்புறம். மகள் ஒருநாள் காலையில் “சாப்பிடுறியாம்மா?” என்று கேட்க, அவள் “அப்புறம்” என்று சொல்ல, சரி பசி இல்லை போல, பிறகு சாப்பிடட்டும் என்று மகள் தட்டை மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். மதியம் வரை அம்மா பட்டினி. கேரண்டிக்குத் தெரியவந்தபோது அவர் மகளைத் திட்டவில்லை. வேறு யாரைத் திட்டுவது என்றும் தெரியவில்லை.

வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கட்டில் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

“அன்னிக்கு வந்து நின்னியே. என்னம்மா சொன்னே?”

“அப்புறம்.”

“இப்பச் சொல்லேன். நான் எண்ணிக்கையில இல்ல. சும்மாதான் இருக்கேன்.”

“அப்புறம்.”

“என் மேல கோவமா?”

“அப்புறம்.”

“மன்னிச்சிடுறியா?”

“அப்புறம்” என்றாள் அவள், இடது கண்ணை மெல்ல மூடித் திறந்து. பிறகு சொல்கிறேன் என்கிறாளா, மேலே சொல் என்கிறாளா, எதுவுமே இல்லையா? அவர் அவள் முகத்தில் தேடினார். மோட்டார் என்றால் திறந்து பார்த்துவிடலாம்.

டாக்டர் சொன்னார். “அது பேச்சுன்னு எடுத்துக்காதீங்க. சில பேருக்கு ஒரு வார்த்தை மட்டும் அப்படியே மாட்டிக்கிட்டு நின்னுடும். அர்த்தம் தேடாதீங்க.”

“மத்ததெல்லாம் வருமா?”

“வரலாம். வராமலும் போகலாம்.”

பட்டறைக்கு வந்ததும் கேரண்டி கூரையைப் பார்த்துக் கேட்டார். “ஒரு வார்த்தைன்னா இதுவா? இதையா கேட்டேன்?” பக்கத்திலிருந்து லேத்துக்காரர், ஆறுதல் சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, “நீ எந்த வார்த்தைன்னு சொல்லலையேய்யா. ஆர்டர் கொடுக்கும்போது அளவு சொல்லணும்ல?” என்றார். கேரண்டி கையில் இருந்த சுத்தியலைக் கீழே வைத்தார். கையில் இருந்தால் நல்லதில்லை என்று தோன்றியது.

கூரையிடம் அவர் மறுபடி பேசவில்லை. ஆனால் கட்டிலிடம் பேசாமல் இருக்க முடியவில்லை. யாராக இருந்தாலும் ‘அப்புறம்?’ என்று ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தால் என்ன செய்வது?

“மாவு மில்காரன் வந்தான்.”

“அப்புறம்?”

“மோட்டார் இன்னிக்கே வேணும்னான்.”

“அப்புறம்?”

“முடியாதுன்னுட்டேன். நான் முடியாதுன்னு சொல்லி நீ கேட்டிருக்கியா? எனக்கே புதுசா இருந்துச்சு.”

“அப்புறம்?”

இத்தனை வருஷத்தில் பேசியதையெல்லாம் சேர்த்தாலும் அந்த மாதங்களில் பேசிய அளவுக்கு வராது. சின்ன வயசில் மாமாவிடம் வேலை கற்றுக்கொண்டபோது வாங்கிய அடி, மீட்டரைக் கழற்றிப் போட்டதற்குக் காரணம் உண்மையில் பல் தேய்ந்தது அல்ல, வந்தவர்கள் வாயைப் பிளந்து பார்க்கவேண்டும் என்ற ஆசை, எல்லாம் சொன்னார். ஆரம்பத்தில் ஒவ்வொரு பேச்சின் முடிவிலும் அந்தக் கேள்வியைக் கொண்டுபோய்ச் சொருகுவார், ‘என்ன சொன்னே அன்னிக்கு’ என்று. போகப்போக அது மறந்து போனது. சில நாள் பேச்சு ருசியில் சோறு ஆறிப்போகும். அவளுக்குப் புரிந்ததா என்று கேட்டால் தெரியாது. கேட்டுக்கொண்டிருந்தாள். அல்லது அவள் பக்கத்தில் அவர் இருந்தார். எதுவோ ஒன்று.

பட்டறையிலும் மெஷினுக்கு மீட்டர் வாங்கிப் பொருத்திவிட்டார். டக் டக்கென்று அது எண்ணியது. அவர் கம்பியைச் சுற்றிக்கொண்டே கட்டில் பக்கம் திரும்பிப் பேசினார்.

பிறகு இன்னொரு காலை. அவளுக்கு உடை மாற்றிவிட்டு, “இன்னிக்கு மேகமா இருக்கு” என்றார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. தூக்கக் கலக்கம் என்று நினைத்தார். “மழை வரும்போல” என்றார். காத்திருந்தார். கண் திறந்திருந்தது, அவர் பக்கம் திரும்பவில்லை. மதியமும் இல்லை. மறுநாளும் இல்லை. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, சின்னதாக இன்னொன்று வந்து போயிருக்கிறது என்றார்கள். செய்வதற்கு ஒன்றும் இல்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள்.

கேட்டுக் கிடைத்த ஒரு வார்த்தையும் போய்விட்டது. மகள் வேலையிலிருந்து வந்து அம்மாவின் பக்கத்தில் படுத்து, “அம்மா, ‘அப்புறம்’னு சொல்லும்மா. ஒரே ஒரு தடவை” என்று காதில் சொல்லிக்கொண்டிருந்தாள். கேரண்டி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

ஆனாலும் மறுநாள் காலை ஊட்டும்போது வாய் தானாகவே ஆரம்பித்துவிட்டது. “தையல்காரம்மா மோட்டாரை எடுத்துட்டுப் போயிட்டாங்க” என்றார். ‘அப்புறம்’ வரவில்லை. கொஞ்சம் இடம்விட்டுத் தானே தொடர்ந்தார். “ஓடுதாம்.”

இப்படிச் சில வாரங்கள் போயின. ஒரு மதியம் அவள் கொஞ்சம் பால் குடித்துவிட்டுத் தூங்கினாள். மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கேரண்டி பாத்திரங்களை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனார். பால் அடிப்பிடித்த கிண்ணம் முதலில். வெளியே தூறல். தேய்த்துக்கொண்டே இருந்தவர், “அவ தூங்குறா” என்றார்.

யாரிடம் சொன்னோம் என்பது சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. குழாயை இன்னும் கொஞ்சம் அதிகமாகத் திறந்துவிட்டார், சத்தத்துக்கு.

“அதான் இப்பெல்லாம் அவ வர்றதில்ல” என்றார். “வராதது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அவ சொல்லித் தெரிஞ்ச மாதிரி ஆகாது. என்ன பண்றது. பால் பாதிதான் குடிச்சா. நேத்து முழுசாக் குடிச்சா. முதுகுல சிவப்பா ஒரு இடம் இருந்துச்சு, திருப்பித் திருப்பிப் படுக்க வச்சதுல குறைஞ்சிருக்கு. பொண்ணுக்குக் குதிகால் வலி விடல. நாள் பூரா நிக்கிறா.”

கேட்க எவ்வளவோ இருந்தது. அவர் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தட்டை எடுத்தார்.

“யோவ், யார்கிட்டய்யா பேசிட்டு இருக்கே?” நடுக்கதவில் லேத்துக்காரர்.

“யாரும் இல்ல. பாட்டு.”

“நீயா? பாட்டா?” லேத்துக்காரர் சிரிக்க முயன்றார், வரவில்லை. உள்ளே வந்து கட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். வெளிநாட்டு மருமகன் மகளைப் போன் பேசவே விடுவதில்லையாம். கடைசியாகப் பேசினபோது குரலே சரியில்லையாம். “கேட்டதைத்தான்யா கொடுத்தாரு” என்றார். கேரண்டி ஈரக் கையோடு அவர் பக்கத்தில் நின்றார். ஆர்டர், அளவு என்று ஒன்றும் சொல்லவில்லை. டீ போட்டுக் கொடுத்தார். குடித்துவிட்டு அவர் எழுந்து போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் கேரண்டி மறுபடி தொட்டிக்கு வந்தார். அவர் குடித்த டம்ளரை எடுத்துக் குழாயடியில் பிடித்துக்கொண்டு, குரலை இன்னும் தாழ்த்தி, “லேத்துக்காரன் வந்துட்டுப் போனான்” என்றார். “பாவம். முகமே சரியில்ல.”